சிறு சத்திரசிகிச்சைக்கு இரு மருந்துகள்



முறிந்த கையெலும்பைப் பொருத்துதல், சீழ்க்கட்டியைக் கீறுதல், தீப்புண்ணைக் கழுவிக் கட்டுதல் முதலியன சிறிது நேரத்தில் முடிந்துவிடும் சிகிச்சைகள். வேலை சிறிது, வலியோ பெரிது. ஆதலின் நோயாளியின் நாளத்தினூடாக மருந்து செலுத்தி அவரை உறங்கச் செய்கின்றனர். அவ்வாறு செலுத்தப்படுவது பெரும்பாலும் ஒரு மருந்தன்று, இரண்டு. ஏன் இரண்டு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயோபென்ரோன் என்னும் மருந்து வழக்குக்கு வந்தது. ஊசி ஏறிய அரை நிமிடத்தளவில் உறக்கம் வந்துவிடும். ஆனால் உறக்கம் வேறு, வலியின்மை வேறு. உறங்குபவரின் உடல் கத்தி பட்டதும் துடிக்கும். பிற்காலத்தில் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட புரொப்போபோலுக்கும் இக்குறை உண்டு. பிரித்தானியாவில் உருவான இம்மருந்து நீரிற் கரையாது. முதலில் அதனைக் கரைக்கச் சேர்த்த பொருள் சிலருக்கு ஒவ்வாமையை விளைத்தது. பின்னர் சோயா எண்ணெயில் கூட்டிப் பால்போன்ற குழம்பாக்கி 1986இல் விற்பனைக்கு விட்டனர். இதனால் உறங்கியவர் விரைவில், தெளிந்த அறிவோடு, குமட்டலின்றி விழிப்பார். எனினும் குருதியமுக்கம் இறங்கும், சுவாசம் தளரும், சிலவேளை நின்றும்விடும்.

1962இல் கல்வின் ஸ்ரீவன்ஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் ஆக்கிய கெற்றமீன் இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. வலியை நன்கு அடக்கும், குருதியமுக்கத்தை உயர்த்தும், சுவாசத்தைப் பெரும்பாலும் தளரவிடாது. கண்கள் திறந்தேயிருக்கும், ஆனால் நடப்பதை நோயாளி அறியார். பார்ப்பவர்க்குச் சற்று அச்சமூட்டும் நிலைதான்! விழிக்கும்போது சிலர் தீக்கனாக் கண்டவர்போல் அலறுவர், வாந்தியும் வரலாம்.

இனி இணைகளைப் பார்ப்போம். கெற்றமீனோடு மிடாசொலம் சேர்த்தால் அலறல் தணியும். ஆனால் தெளிவு வரத் தாமதமாகும். புரொப்போபோலோடு பென்ரனைல் என்னும் வலிநீக்கியைச் சேர்த்தால் வலியும் அடங்கும், விழிப்பும் விரைவில் வரும். ஆயினும் இரண்டுமே சுவாசத்தைத் தளர்த்துவன, ஆபத்து இரட்டிக்கும். புரொப்போபோலோடு சிறிதளவு கெற்றமீன் சேர்ப்பது மூன்றாவது வழி. ஒன்று இறக்கும் குருதியமுக்கத்தை மற்றொன்று தாங்கும். ஒன்று தரும் குமட்டலையும் தீக்கனாவையும் மற்றொன்று குறைக்கும்.

அப்படியாயின் மூன்றாவதே சிறந்ததென எல்லார்க்கும் விதிக்கலாமா? ஆகாது. இருதய நோயும் உயர்ந்த குருதியமுக்கமும் உடைய முதியவர்க்குக் கெற்றமீன் சுமையாகலாம். குருதி இழந்து சோர்ந்தவர்க்குப் புரொப்போபோல் கேடாகலாம். எந்த இணையாயினும், ஒட்சிசனை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, சுவாசத்தைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தலைமாட்டில் நில்லாவிடின் அது பாதுகாப்பன்று. மருந்தின் பெயரைவிட இதனையே நான் முதலில் விசாரிப்பேன்.

நோயாளியின் பங்கும் உண்டு. வயிற்றிலுள்ளது மயக்கத்தில் மேலெழுந்து சுவாசப்பைக்குட் சென்றால் உயிருக்கே இடர். திட்டமிட்ட சிகிச்சையாயின், வழக்கமாக உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தும்படி கூறுவர். பாற்றேநீரைத் தண்ணீரெனக் கணக்கிட்டு மறைத்தல் கூடாது. உண்ணும் மருந்துகளையும் முன்னைய ஒவ்வாமையையும் ஒளியாது கூறவேண்டும்.

அன்றே வீடு திரும்புபவர் துணையின்றிச் செல்லலாகாது. நன்கு தெளிந்ததுபோற் தோன்றினும் 24 மணி நேரத்துக்கு மோட்டார் வண்டி ஓட்டுதல் வேண்டாம். காணி உறுதியிற் கையொப்பமிடுதலும் வேண்டாம்.