நீரில் குழந்தையைத் தாங்கும் முறை

ஊரில் பாட்டிமார் நீட்டிய கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி நீராட்டுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மும்பையிலோ தில்லியிலோ நீச்சல் குளத்தில் குழந்தையுடன் இறங்குங்கால், அக்கால்களின் வேலையை நம் கைகளே செய்ய வேண்டும்.

நின்றபடி குழந்தையை உயரத் தூக்கிப் பிடிப்பது பலரும் செய்யும் பிழை; ஈர உடல் காற்றில் விரைவில் குளிர்ந்துவிடும். நாமே முழங்காலை மடக்கித் தோளளவு அமிழ்ந்து, குழந்தையின் அக்குள்களில் கைகொடுத்து, அதன் தோள் நீருக்குள்ளும் வாய் நீருக்கு மேலும் இருக்குமாறு முகத்துக்கு நேர் முகமாகத் தாங்குதல் வேண்டும். மல்லாத்தும்போது தலை நம் தோளில் சாயட்டும். இறுக்கிப் பிடித்தாலோ, நம் அச்சம் அதற்கும் தொற்றிவிடும்!

நீர் 32 டிகிரி செல்ஷியஸ் அளவு வெதுவெதுப்பாக இருத்தல் நலம். குழந்தை தானே மூச்சடக்கும் என நம்பி நீரில் முக்குதல் ஆகாது; நீரை விழுங்கிவிடும். உடல் நடுங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே கரையேறித் துண்டில் பொதிந்துவிட வேண்டும்.