எக்ஸ்எம்எல் திட்டவரைவில் தரவுத்தளச் சாவிகள்

எக்ஸ்எம்எல் திட்டவரைவில் தரவுத்தளச் சாவிகள் என்பது, உறவுநிலைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்கிடையே உள்ள முதன்மைச் சாவி, அயற்சாவித் தொடர்புகளை எக்ஸ்எம்எல் ஆவணத்திலும் இழக்காமல் காக்கும் முறையாகும். உறவுநிலை மாதிரியை எட்கர் காட் 1970 இல் முன்வைத்தார். எக்ஸ்எம்எல் 1998 இலும், அதன் திட்டவரைவு மொழி 2001 இலும் பரிந்துரைகளாக வெளியாயின.

எடுத்துக்காட்டு

திருப்பூர்ப் பின்னலாடைகள் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் வழியாகக் கொள்கலன்களில் ஏற்றுமதியாகின்றன. ஒரு சரக்குச் சீட்டின் (பில் ஆஃப் லேடிங்) கீழ்ப் பல கொள்கலன்கள் செல்லலாம். சிறு ஏற்றுமதியாளர் பலரின் சரக்குகள் ஒரே கொள்கலனிலும் செல்லலாம். எனவே இது பலவற்றுக்குப் பல என்னும் தொடர்பு. கொள்கலனைச் சீட்டுக்குள் பொதித்து எழுதினால், ஒரே கொள்கலன் பலமுறை பதிவாகும். மொத்த எடையும் தவறாகும். கப்பலின் சமநிலையைக் கணக்கிடுவோருக்கு இது சிறு பிழையன்று.

ஆகவே தரவுத்தளத்தில் உள்ளதுபோலவே மூன்று வகை உறுப்புகள் தேவை:

<பயணம்>
  <கொள்கலன் எண்="க1"/>
  <சீட்டு எண்="101"/>
  <சீட்டு எண்="102"/>
  <இணைப்பு சீட்டு="101" கொள்கலன்="க1"/>
  <இணைப்பு சீட்டு="102" கொள்கலன்="க1"/>
</பயணம்>

பழைய முறை

தொடக்கத்தில் 'ஐடி', 'ஐடிரெஃப்' என்னும் பண்பு வகைகளே இருந்தன. இவற்றில் மூன்று குறைகள் உள்ளன.

* ஐடியின் மதிப்பு இலக்கத்தில் தொடங்கக் கூடாது. ஏழு இலக்கங்களாலான கப்பலின் ஐஎம்ஓ எண்ணை அப்படியே ஐடியாக இட இயலாது.
* மதிப்பு ஆவணம் முழுவதிலும் தனித்திருக்க வேண்டும்.
* ஐடிரெஃப் எவ்வகை உறுப்பைச் சுட்ட வேண்டும் எனக் கட்டுப்படுத்த இயலாது. சீட்டைச் சுட்ட வேண்டிய இடத்தில் கொள்கலனைச் சுட்டினாலும் ஆவணம் ஏற்கப்படும்.

கீ, கீரெஃப்

திட்டவரைவு மொழியின் 'கீ' முதன்மைச் சாவிக்கும், 'கீரெஃப்' அயற்சாவிக்கும் இணையானவை. ஒவ்வொன்றிலும் உறுப்புகளைத் தெரிவு செய்யும் 'செலக்டர்' ஒன்றும், சாவியாகும் மதிப்பைக் காட்டும் 'ஃபீல்டு' ஒன்றோ பலவோ இருக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கொள்கலன், சீட்டு ஆகியவற்றின் எண்கள் தனித்தனிக் கீ. இணைப்பின் இரு பண்புகளும் சேர்ந்து கூட்டுச் சாவி. தனித்தனியே அவை கீரெஃப்.

கீ எந்த உறுப்பில் அறிவிக்கப்படுகிறதோ அதற்குள் மட்டுமே செல்லும். ஒரே கொள்கலன் பல பயணங்களில் திரும்ப வரும். தரவுத்தளத்தில் இதற்குப் பயண எண்ணும் கொள்கலன் எண்ணும் சேர்ந்த சாவி வேண்டும். எக்ஸ்எம்எல்லில் பயணம் என்னும் உறுப்பில் கீயை அறிவித்தால் கொள்கலன் எண் மட்டும் போதும்.

கவனிக்க வேண்டியவை

* கீயின் ஃபீல்டு விடுபடக் கூடாது. விடுபடலாம் எனில் 'யுனிக்' பயன்படுத்த வேண்டும்.
* கீரெஃபின் ஃபீல்டு விடுபட்டால் அப்பதிவு சரிபார்க்கப்படாது, பிழையும் காட்டப்படாது.
* இரு புறமும் தரவு வகை ஒன்றாக இருக்க வேண்டும். சரமாகிய 101 உம் முழுவெண்ணாகிய 101 உம் சமமல்ல.
* உறுப்புகள் ஒரு பெயர்வெளியைச் சேர்ந்திருந்தால், செலக்டரில் அதன் முன்னொட்டை இட வேண்டும். இடாவிடில் செலக்டர் எதையும் தெரிவு செய்யாது. கீரெஃபில் இவ்வாறு நேர்ந்தால், இல்லாத கொள்கலனைச் சுட்டும் ஆவணமும் சரியானதாகவே தேறிவிடும். ஆதலால் வேண்டுமென்றே பிழையுள்ள ஆவணம் ஒன்றைக் கொடுத்துத் திட்டவரைவைச் சோதிப்பது நன்று.

வரம்பு

இச்சரிபார்ப்பு ஓர் ஆவணத்துக்குள் மட்டுமே நிகழும். கொள்கலன் பட்டியலும் சீட்டுகளும் வெவ்வேறு கோப்புகளில் வந்தால், அவற்றின் தொடர்பைப் பெறும் தரவுத்தளமே சோதிக்க வேண்டும். ஒரு பதிவை நீக்கும்போது சார்ந்த பதிவுகளையும் நீக்கும் வசதி கீரெஃபுக்கு இல்லை.