நம் வீட்டுப் பூனையும் எண்பத்து நான்கு நாட்களும்

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எடைபோட்டுக் கட்டணம் விதிப்பது நமது உத்தியோகம். எடை ஏறினால் கட்டணமும் ஏறும். இவ்விதியை வீட்டிலும் அனுபவிக்க நேரும் என்று நாம் எண்ணியதில்லை.

மாதுங்கா மார்க்கெட்டில் நம் மகள் கண்டெடுத்து வந்த பூனைக்குட்டிக்கு 2025 ஆனி மாதத்தில் வயது ஏழு மாதம். துள்ளித் திரிந்த ஜீவன் திடீரென உணவை முகர்ந்துவிட்டு ஒதுங்கலாயிற்று. காய்ச்சல் விடவில்லை. உடல் மெலிய, வயிறு மட்டும் பானைபோல் உப்பிற்று. முதலில் பார்த்தவர் வயிற்றுப்பூச்சி என்று மருந்து கொடுத்து 800 ரூபாய் பெற்றுக்கொண்டார். பயனில்லை. (பரேலில் நூறாண்டுக்கு மேலாகத் தரும நோக்கில் நடந்துவரும் பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனையை அன்பர்கள் அறிவார்கள். அச்சமயம் நமக்கு அது நினைவுக்கு வரவில்லை.)

இரண்டாவது மருத்துவர் ஊசியால் வயிற்று நீரை எடுத்துக் காட்டினார். வைக்கோல் நிறத்தில், நூலாக இழுபட்டது. இரத்தத்தில் அல்புமின் குறைந்து குளோபுலின் மிகுந்திருந்தது. 'எப்.ஐ.பி.' என்றார். பூனைகளிடையே சாதாரணமாகக் காணப்படும் ஒருவகைக் கொரோனா கிருமி பெரும்பாலும் சிறு வயிற்றுப்போக்கோடு போய்விடுமாம். சில குட்டிகளின் உடலில் மட்டும் அது உருமாறி உயிர்க்கொல்லியாகிறது. மனிதரைத் தொற்றாது.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நோய் கண்ட பூனை பிழைப்பது அரிது. கலிபோர்னியாவில் டாக்டர் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தைச் செலுத்தி, 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்ததாக 2019-இல் வெளியிட்டனர். 2020-இல் நம் நாட்டார் கடை கடையாகத் தேடி அலைந்த ரெம்டெசிவிர் உடலுக்குள் சென்று மாறுவதும் இப்பொருளாகத்தான்.

மருந்து உண்டு என்றதும் மகிழ்ந்தோம். விலையைக் கேட்டதும் அமர்ந்துவிட்டோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாள் தவறாமல் 84 நாட்கள் கொடுக்கவேண்டும். பரிசோதனைகளும் சேர்த்து முப்பதாயிரம் ஆகலாம் என்றார். குட்டியின் எடை 2 கிலோ, ஆகவே நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். தேறித் தேறி 3 கிலோ ஆயின் 45 வேண்டும். பிழைக்கப் பிழைக்கச் செலவு கூடும்!

நமக்கு இரயில்வே ஆஸ்பத்திரி உண்டு, பூனைக்கு ஏது? கையிலிருந்தது சீட்டெடுத்த பதினெட்டாயிரம் மட்டும். அதுவும் அம்மாவின் பல்செட்டுக்கென வைத்தது. "பூனைக்கா இவ்வளவு பணம்?" என்று முதல் நாள் சினந்தவர் அம்மாதான். மறுநாள் காலை குட்டி தவழ்ந்து வந்து அவர் காலடியில் படுத்தது. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "என் பல்லுதான் போயிடுச்சேப்பா, இதாவது இருக்கட்டும்" என்றார். நம் இல்லாள் ஒன்றும் பேசாமல் பணத்தை எடுத்து வந்தாள்.

பதினெட்டாயிரம் போதாது என்பதை மருத்துவரிடம் மறைக்கவில்லை. அன்பர்களும் மறைக்கவேண்டாம். கையிருப்பைச் சொன்ன பின்னரே அவர் வேறொரு வழி கூறினார். ஜெர்மனியின் மூனிக் நகரில் நீர்கோத்த வகை நோயுற்ற 40 பூனைகளை ஆராய்ந்து, 42 நாள் சிகிச்சையும் 84 நாளுக்கு நிகரான பலன் தந்ததாக 2024-இல் வெளியிட்டிருக்கிறார்களாம். "நாற்பத்திரண்டாம் நாள் ஸ்கேனும் இரத்தமும் சரியாக இருந்தால் நிறுத்திப் பார்ப்போம். இல்லையேல் தொடரவேண்டும்" என்றார். தொடரப் பணம் ஏது என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. இரண்டாம் வாரம் வயிறு வடிந்தது. ஞாயிறுதோறும் காய்கறித் தராசில் எடைபோட்டு, பார்சல் பேரேடு எழுதுவதுபோல் நோட்டில் குறித்தோம். 2 கிலோ 150, 2 கிலோ 300 என்று ஏறும்போதெல்லாம் மகள் கைதட்டுவாள். நாம் மனத்துக்குள் பெருக்கிப் பார்ப்போம்.

நாற்பத்திரண்டாம் நாள் இரத்தம் சரியாக இருந்தது. ஸ்கேனில் நீர் இல்லை. மருந்து நின்றது. மேலும் மூன்று மாதம் கண்காணித்தோம், நோய் திரும்பவில்லை. மொத்தச் செலவு 17,400 ரூபாய். மீதி 600-இல் மகள் குட்டிக்கு மீன் வாங்கவேண்டும் என்றாள். அம்மாவுக்கு அடுத்த சீட்டு தை மாதம் விழும். அதுவரை கஞ்சிதான். மீனின் முள்ளெடுத்த சதை அம்மாவுக்கு, தலை பூனைக்கு என்று இல்லாள் பங்கிட்டிருக்கிறாள்.