வெலிங்டன் தந்த கோல்கீப்பர்

குன்னூரைத் தாண்டி மலை ரயில் ஊட்டிக்கு ஏறும்போது வெலிங்டன் நிலையம் வரும். அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் கால்பந்து அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். முதலில் முன்கள ஆட்டக்காரராக இருந்து, பிறகு கோல் கம்பத்துக்கு வந்தவர்.

கோல் விழாமல் போனால் பெருமை யாருக்கு? கீப்பருக்கா, முன்னால் நின்று பந்தை மறித்தவர்களுக்கா? டீக்கடையில் இது லேசில் தீராத வழக்கு.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடிய இந்தியக் கால்பந்து அணியை எடுத்துக்கொள்வோம். இறுதிக்கு முன்பு அதே போட்டியில் இன்னொரு கீப்பரான பிரத்யுத் பர்மனும் நமக்குக் கோல் காத்திருக்கிறார். அப்படியானால் அணிதான் பெரிது என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங், தலையில் போட்ட தையலோடு, முன்களத்தில் ஆடுகிறார். பயிற்சியாளர் ரஹீமின் துணிச்சல் அது. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என இரண்டு கோல். அந்தத் தூண் இல்லாத பின்களத்துக்குப் பின்னால் தங்கராஜ். விட்டது ஒரே கோல். தங்கம் நமக்கு.

என் ஓட்டு, அன்றைக்கு மட்டுமாவது, கீப்பருக்குத்தான். அவருக்கு 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.