கரடிக் குட்டியும் பட்டக் கயிறும்

குட்டிகளும் பிள்ளைகளும் விளையாடுவதை எவரும் அறிவர். ஆனால் ஒரு செயல் விளையாட்டுத்தானா என்று அறிவியல் முறையில் தீர்மானிப்பது கடினம். நாய்க்குட்டி கடிக்கிறதா, கடிப்பதாகப் பாவனை செய்கிறதா? அமெரிக்காவின் ரென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் பேர்க்காட் 2005இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். அச்செயலால் அந்த வேளையில் இரையோ இணையோ கிடைக்கக் கூடாது. அது தானாக விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும். மெய்யான சண்டையிலிருந்தும் வேட்டையிலிருந்தும் வடிவம் மாறியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஆனால் கூண்டில் அடைபட்ட விலங்கு ஓயாமல் அங்குமிங்கும் நடப்பது இதில் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பசியும் பயமும் நெருக்காத வேளையில்தான் அது நிகழும். பூச்சிகளிலும் இத்தகைய செயலைக் காணலாம். 2022இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பம்பிள் தேனீக்கள் எந்தப் பரிசும் இல்லாமலே சிறு மர உருண்டைகளை உருட்டின. ஒரு தேனீ 117 தடவை உருட்டியது.

விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு 1896இல் அறிஞர் கார்ல் குரூஸ் சொன்ன விடை, அது எதிர்காலத் தொழிலுக்கான ஒத்திகை என்பது. கேட்டவுடன் சரியெனப் படும் விடை. ஆய்வுகளோ முழுதாகத் துணைநிற்கவில்லை. கலகாரி வறள்நிலத்தில் வாழும் மீர்கட் என்ற கீரிக் குடும்ப விலங்குகளை லிண்டா ஷார்ப் ஆராய்ந்தார். சிறு வயதில் அதிகமாக விளையாட்டுச் சண்டை பிடித்தவை, வளர்ந்தபின் மெய்ச் சண்டைகளில் அதிகம் வெல்லவில்லை. மறுபுறம் அலாஸ்காவின் பழுப்புக் கரடிக் குட்டிகளில், கூடுதலாக விளையாடியவையே கூடுதலாக உயிர் தப்பின என்று பேகன் தம்பதியர் கண்டனர். ஆக, பயன் உண்டு. அது குறிப்பிட்ட ஒரு திறமை மட்டுமல்ல. ஸ்பிங்கா, நியூபெரி, பெக்கொவ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2001இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது. குட்டிகள் வேண்டுமென்றே நிலைதடுமாறி, மீண்டும் நிலைகொள்ளப் பழகுகின்றன. எதிர்பாராததைக் கலங்காமல் சந்திக்கும் பயிற்சி அது.

இலங்கையின் வடக்கிலுள்ள கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில், வாடைக்காற்று எழும் மாதங்களில் இதைக் கண்ணாரக் காணலாம். வால் நீளம் போதாவிட்டால் பட்டம் சுழன்று குத்தும், கூடிவிட்டால் எழும்பாது. பட்டத்தில் கயிறு பிணைக்கும் முச்சையைச் சற்று மாற்றினாலே பறப்பு மாறிவிடும். குத்த வரும் பட்டத்துக்குக் கயிற்றை இளக்கிக் கொடுப்பதா, இழுத்துப் பிடிப்பதா என்று பிள்ளை நொடியில் முடிவெடுக்க வேண்டும். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிப் பாய்க்கப்பல் கட்டப்பட்ட ஊர் இது. பட்டம் விட்டதால்தான் மாலுமிகள் உருவானார்கள் என்று சொல்லிவிட முடியாது. இப்போது பட்டம் விடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கப்பலேறப் போவதுமில்லை. மனித விளையாட்டு பால்யத்தோடு முடிவதில்லை என்பதற்கும் இவ்வூரே சான்று. தைப்பொங்கலன்று கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு வளர்ந்தவர்களும் நாட்கணக்கில் உழைத்துப் பட்டம் கட்டுகிறார்கள்.

பயம் நெருக்காத வேளையில்தான் விளையாட்டு நிகழும் என்றோம். பயம் அதை எவ்வளவு ஆழமாக நிறுத்துகிறது என்பதை ஆய்வாளர் யாக் பாங்செப் எலிக்குஞ்சுகளிடம் கண்டார். விளையாடும் இடத்தில் கொஞ்சம் பூனை மயிரை வைத்ததும் விளையாட்டு நின்றுபோனது. மயிரை அகற்றிய பின்னும் சில நாட்களுக்கு அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அந்தக் குஞ்சுகள் அதற்குமுன் பூனையையே கண்டதில்லை. கனடாவில் சேர்ஜியோ பெலிஸ் குழுவினர், கூடி விளையாட வாய்ப்பற்று வளரும் எலிகளில் மூளையின் முன்பகுதி வேறுவிதமாக வளர்வதைக் கண்டனர்.

இலங்கைப் போரில் வளர்ந்த பிள்ளைகளைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வுகள் உதவும். வடக்கில் போரின் உளத்தாக்கத்தை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலம் ஆவணப்படுத்தினார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து மண்ணும் வண்ணமும் கதையும் நாடகமும் கொண்டு விளையாட வைத்தது. விளையாட்டையே மருந்தாக்கிய அந்த முயற்சி இந்நாட்டின் பெருமைக்குரியது.

விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாக 31ஆம் உறுப்புரையில் கூறும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சாசனம் 1989 நவம்பரில் நிறைவேறியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், போரின் நடுவே, வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். இலங்கை 1991இல் சாசனத்தை ஏற்றது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, பிள்ளைகளின் மாலைப்பொழுதை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் ரியூசன் எடுத்துக்கொள்கிறது. இருட்டுவதற்குமுன் ஒரு மணிநேரத்தையாவது பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.