படகுத்துறை நிழலில் ஒரு பயிற்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளில் கிராப்பி என்னும் நன்னீர் மீன் வாழ்கிறது. அது வெள்ளைக் கிராப்பி, கருங்கிராப்பி என இருவகைப்படும். பெரும்பாலும் ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மிகுதியான நீளமுடைய இம்மீனைச் சிறுவர் முதல் முதியோர் வரை பலரும் தூண்டிலிட்டுப் பிடிக்கின்றனர். 1957ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் அணையருகே பிடிபட்ட வெள்ளைக் கிராப்பி, ஏறத்தாழ 2.35 கிலோகிராம் எடை இருந்தது.

இளவேனிற் காலத்தில் கிராப்பி முட்டையிடுவதற்காகக் கரையோரம் வருகிறது. கோடையிலோ நிழலை நாடுகிறது. படகுகளைக் கட்டிவைக்க ஏரிக்கரையில் அமைக்கப்பட்ட படகுத்துறைகள் அந்நிழலைத் தருகின்றன. துறையின் கால்களில் பாசி படர்கிறது. பாசியை நாடிச் சிற்றுயிர்களும், அவற்றை நாடிச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிக் கிராப்பியும் வருகின்றன. நிழலில் நிற்கும் மீனுக்கு வெளிச்சத்தில் நீந்தும் இரை நன்கு தெரியும். இரைக்கோ நிழலில் நிற்கும் பகை எளிதில் புலப்படாது.

துறையின் பலகைக்கும் நீருக்கும் இடையே சிறிதளவு வெளியே இருக்கும். வழக்கம்போல் தூண்டிலை வீசினால் இரை பலகையில் மோதும். ஆகவே தூண்டிற்காரர்கள் கோலையே வில்லாக்குகின்றனர். இரண்டு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள பொய்யிரையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, கோல் வளைந்ததும் விடுகின்றனர். இரை நீர்ப்பரப்பை ஒட்டிப் பாய்ந்து இருண்ட நிழலுக்குள் விழுகிறது.

இதனைக் கற்பவர் முதலில் பலமுறை தவறுவர். இரை தூணில் மோதும்; நூல் சிக்கும். இரையைப் பிடிக்கும்போது முள்ளின் கூர்முனை விரல்களுக்கு வெளிப்புறமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அது விரலில் தைத்துவிடும். எனவே முள் நீக்கிய இரையைக் கொண்டு, வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியின் அடியில் குறிபார்த்துப் பழகுவது நன்று.

எறிதல் பாதிப் பயிற்சியே, காத்திருத்தல் மறுபாதி. கிராப்பி பெரும்பாலும் தனக்கு மேலுள்ள இரையையே நோக்கி எழும். ஆதலால் இரை மெல்ல மெல்ல இறங்க வேண்டும். மீன் கவ்வுவதைக் கை உணராமற் போகலாம்; நூல் சற்றே துடிப்பதையும் தளர்வதையும் கண்தான் காணும். அப்போது வெடுக்கென இழுத்தல் கூடாது. கிராப்பியின் வாய்த்தோல் தாளைப் போல் மெல்லியது. கிழிந்தால் மீன் தப்பிவிடும்.

பிடிக்கத்தக்க மீனின் நீளத்தையும் எண்ணிக்கையையும் பல மாநிலங்கள் சட்டத்தால் வரையறுத்துள்ளன. அளவிற் சிறிய மீனை ஈரக் கையால் பிடித்து நீரில் விடுதல் வேண்டும். உலர்ந்த கை பட்டால், மீனைக் காக்கும் வழவழப்பான மேற்பூச்சு நீங்கிவிடும். இன்று உயிரோடு விடப்படும் சிறுமீனே நாளை முட்டையிட்டு ஏரியை நிறைக்கும். இதை உணர்ந்தவரே தூண்டிற்கலையை முழுமையாகக் கற்றவர் ஆவர்.

சொற்பொருள்
கோல் – தூண்டிற்கம்பு
பொய்யிரை – மீனைக் கவரச் செய்யப்பட்ட செயற்கை இரை
வெளி – இடைவெளி
புலப்படாது – தெரியாது

விடை எழுதுக
1. கோடையில் கிராப்பி படகுத்துறையின் அடியில் தங்குவது ஏன்?
2. ‘கோலையே வில்லாக்குகின்றனர்’ – விளக்குக.
3. சிறிய மீனை ஈரக் கையால் பிடித்து விடுவதன் காரணம் யாது?