மோட்டார் கொட்டகையில் தனியாக ஒரு ‘மணி’... அவனை யார் பார்த்துக்கொள்வது?

திருச்சி நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டி லால்குடி சாலையில் பஸ் திரும்பியதுமே பச்சை தொடங்கிவிடும். பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் எனத் தண்ணீர் பாயும் பூமி. நெல், கரும்பு, வாழை. சாலையை விட்டிறங்கி வரப்பில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால், ஆங்காங்கே மோட்டார் கொட்டகைகள். மேலே தகர ஷீட், உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், ஆணியில் தொங்கும் பழைய சட்டை. வாசலில் ஒரு நாய். பாதிக்குப் பாதி அதன் பெயர் மணியாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் ஒற்றை வீடு கட்டிக்கொண்டு, லீவு நாள்களில் நாயையும் பூனையையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது கையோடு அழைத்து வந்துவிடுவார்கள். நம் ஊரில் கதையே வேறு. சாயந்திரம் ஆறு மணிக்கு முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விடுவார். அந்த ஒற்றைக் கொட்டகையில் ராத்திரி முழுக்க இருக்கப்போவது மணி மட்டும்தான்.

காவலுக்குத்தான். வாழைத்தார் வெட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மோட்டாரின் செம்புக் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நாய் குரைத்தாலே பாதித் திருட்டு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால், அந்த நாய்க்கு ராத்திரி ஏதாவது நடந்தால் பார்க்க யாரும் இல்லை. பாம்பு தீண்டினாலும், விஷம் தின்றாலும், வேறொரு நாய் வந்து கடித்துவிட்டுப் போனாலும் காலையில்தான் தெரியும். சில சமயம் தெரியாமலே போய்விடும். ஆபத்து நாய்க்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கும்தான்.

கல்லில் பெயர் வாங்கிய காவல்காரன்

தனியிடத்தில் நாயைக் காவல் வைப்பது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, 7-ம் நூற்றாண்டு. மாடுகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட ஒரு வீரனுக்காக எழுப்பிய கல் அது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாய்க்குப் பெயர் வைத்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்த ஊர் நம்முடையது.

இப்போது யூடியூப் புண்ணியத்தில் நாட்டு இனங்களுக்குக் கிராக்கி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தேடிப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வந்தது. பெருமைதான். ஆனால், சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளர்க்கப்பட்டவை. ஓடினால்தான் அவற்றுக்கு உயிர். அதைக் கொண்டுவந்து ஆறடிச் சங்கிலியில் கொட்டகைத் தூணில் கட்டினால், குரைத்துக் குரைத்தே தொண்டை கட்டிப்போகும். யார் வந்தாலும் கடிக்கத்தான் பார்க்கும். தூய வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதும் உண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிடுங்கள். காது கேட்காத நாயைக் காவலுக்கு வாங்கி என்ன செய்வது?

என்னைக் கேட்டால், கொல்லைக்கு நம் தெருவில் பிறந்த நாட்டு நாயே போதும். இந்த வெயிலும் சேறும் அதற்குப் பழக்கம்.

‘தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு’

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

வெறிநாய் என்றதும் வாயில் நுரை தள்ள, கண்ணில் பட்டவரையெல்லாம் துரத்தும் நாய்தான் நினைவுக்கு வரும். ரேபிஸுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. நாய் யாரையும் கடிக்காது. ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். தாடை தொங்கிவிடும். எச்சில் ஒழுகும். சோறு வைத்தால் விழுங்க முடியாது. பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு மாட்டியதுபோலவே இருக்கும். ‘பாவம், எடுத்து விடுவோம்’ என்று வாய்க்குள் கையை விடுவார்கள். கிருமி இருப்பது அந்த எச்சிலில்தான். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும்.

மாட்டுக்கும் இதே கதை. கொல்லையில் கட்டியிருக்கும் மாட்டை ராத்திரியில் ஒரு வெறிநாய் கடித்துவிட்டுப் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து மாடு எச்சில் ஒழுக்கும், தீனி எடுக்காது, குரல் கம்மிக் கத்தும். மாங்கொட்டையோ பனங்கொட்டையோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுத் துழாவுவது கிராமத்தில் சகஜம். இனி அதைச் செய்யாதீர்கள். தாடை தொங்கி எச்சில் ஒழுக்கும் எந்தப் பிராணியையும் கால்நடை மருத்துவர் வந்து பார்க்கட்டும்.

ரேபிஸ் அறிகுறி ஆரம்பித்துவிட்டால் மனிதருக்கும் பிழைப்பு கிட்டத்தட்ட இல்லை. கடித்த உடனே செய்தால் கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மோட்டாரைப் போட்டால் கொல்லையில் தண்ணீருக்கா பஞ்சம்? கொட்டகையில் ஒரு சோப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாள்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். ‘நம்ம மணிதானே, விளையாட்டாக் கடிச்சான்’ என்று இருந்துவிடாதீர்கள். கொல்லையில் தனியாகத் திரிகிற மணியை நேற்று ராத்திரி எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது.

இந்த ஊசிக்காக ஒரு காலத்தில் ரயிலேறி ஓடினார்கள். 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்தான் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. நம் பக்கத்துக்கு, நீலகிரி குன்னூரில் அப்படியொரு நிலையம் 1907-ல்தான் வந்தது. இன்றைக்கு ஊருக்கு ஊர் கிடைக்கும் மருந்தை வாங்க நாம் யோசிக்கிறோம்!

நாய்க்குப் போட வேண்டியதும் பெரிய செலவில்லை. குட்டிக்கு ஆறேழு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி. கொட்டகைக் குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது இந்தப் பார்வோதான். மூன்றாவது மாதத்தில் ரேபிஸ் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இலவச முகாம் நடக்கும். வீட்டு நாயை டூவீலரில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறோம். கொல்லை நாயை மட்டும் விட்டுவிடுகிறோம். அதிக ஆபத்தில் இருப்பது அதுதானே?

எலிக்கு வைத்தது

வாழையும் நெல்லும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு வரும். நாய் இருந்தால் பாம்பு வராது என்பது நம் ஆசை, அவ்வளவுதான். நாய் பாம்பை விட்டு விலகாது, மூக்கை நீட்டும். அதனால்தான் நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். முகம் திடீரென வீங்கியிருந்தாலும், இமை சொக்கிக் கால் துவண்டாலும், சிறுநீரில் ரத்தம் வந்தாலும் பாம்புக்கடி என்றே சந்தேகப்பட வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எந்தக் கால்நடை மருத்துவமனையில் அது இருக்கிறது என்பதைக் கடிபடும் முன்பே விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

பாம்பைவிட அதிகம் பயப்பட வேண்டியது நாமே வைக்கும் விஷத்துக்கு. பொரியில் கலந்து வைக்கும் கறுப்பு நிற எலி மருந்து, அதாவது துத்தநாக பாஸ்பைடு, வயிற்றுக்குள் போனதும் விஷ வாயுவாக மாறும். அந்த நாய் வாந்தியெடுத்தால் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள், வாயு உங்களையும் தாக்கும். கேக் வடிவில் வரும் எலி மருந்து வேறு மாதிரி. மூன்று, நான்கு நாள் ஒன்றுமே தெரியாது. பிறகு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே1 என்கிற நல்ல மாற்று மருந்து உண்டு. அட்டையைக் கையோடு எடுத்துப்போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். எலிக்காகப் பூனை வளர்ப்பவர்கள் விஷத்தை அடியோடு நிறுத்திவிடுவது நல்லது. விஷம் தின்ற எலியைத் தின்றே பூனை போய்விடும்.

வாழைக்கு வேரில் போடும் குருணை மருந்தும் அப்படித்தான். பையை நாய் இழுக்க முடியாத உயரத்தில் வையுங்கள், போட்டதும் மண்ணைத் தள்ளி மூடுங்கள். எச்சில் வடித்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தால் நேரம் குறைவு. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கும் பழைய வைத்தியம் பல நேரங்களில் கெடுதலில் முடியும். தமிழ்நாடு முழுக்க நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே சாக்பீஸால் எழுதி வையுங்கள். கொல்லைக்கு வழி கேட்டால் சொல்ல, பக்கத்தில் இருக்கும் கோயில், மதகு, டிரான்ஸ்ஃபார்மர் என ஏதாவது அடையாளத்தையும் சேர்த்து எழுதுங்கள். பதற்றத்தில் சொந்தக் கொல்லைக்கு வழி சொல்லவே வராது.

பொட்டைக் குட்டி வேண்டாமாம்!

குட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஆண் குட்டிதான் கேட்கிறார்கள். பொட்டைக் குட்டிகள் ஒரு சாக்குப்பையில் ஏறிக் கொள்ளிடக் கரைக்கோ சந்தைக்குப் பின்பக்கமோ போய்ச் சேர்கின்றன. தப்பிப் பிழைத்தவை ஒரு வயது ஆவதற்குள் குட்டி போடத் தயாராகிவிடும். வருடத்துக்கு இரண்டு ஈற்றுகூட உண்டு. அடுத்த கொல்லையில் கோழியைப் பிடிக்கும் நாய்க்கூட்டம் இப்படித்தான் உருவாகிறது. கருத்தடை செய்த பெண் நாய் காவலில் ஒரு துளியும் குறைந்ததில்லை. ஆண் நாய்களைப்போல வாரக்கணக்கில் ஊர் சுற்றப் போவதும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்றே ஒன்று. நாள் கிழமை பார்க்காமல் ஒரு வேளையாவது ஆள் கையால் போகட்டும். பழைய சோறும் மோரும் மட்டும் போதாது. முட்டையோ கருவாட்டுத் தலையோ சேரட்டும். சோறு வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் காதுக்குள் உண்ணி இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, கால் தாங்குகிறதா என்று கண்ணில் படும். வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாகக் கொட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. அக்னி நட்சத்திர நாள்களில் தகரக் கொட்டகைக்குள் கட்டாதீர்கள். வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் தொட்டி, நிறையத் தண்ணீர். பிளாஸ்டிக் வாளியை அது கவிழ்த்துவிடும்.

கடைசியாகக் கயிறு. 2018 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளம் கொள்ளிடத்தில் பாய்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியில் பழைய இரும்புப் பாலம் உடைந்தது. அதே மாதம் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. படுகை நிலங்களில் தண்ணீர் ஏறும்போது அவிழ்த்துவிட்ட நாய் மேட்டைத் தேடி நீந்திவிடும். கட்டிக்கிடக்கும் நாயால் முடியாது. கரையோரம் கொல்லை வைத்திருப்பவர்கள், மேட்டூரில் உபரி நீர் திறக்கிறார்கள் என்ற செய்தி டி.வி-யில் ஓடும் அன்று சாயந்திரம், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பைக்கில் ஏறும் முன்பு மணியின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். இடம் இருந்தால் அவனையும் முன்னால் உட்காரவைத்து வீட்டுக்கே கூட்டிப்போங்கள்.